நைலோன் உறுப்புகளுக்குச் சாயம் ஏற்றும் முறை

அமெரிக்கா, யப்பான் போன்ற நாடுகளில் சிறுவர் மட்டுமல்ல, வளர்ந்தவர்களும் ஆர்வத்தோடு ஓட்டும் சிறு வாகனங்கள் உண்டு. கையிலுள்ள பெட்டியிலிருந்து புறப்படும் வானொலி அலை, தரையில் நிற்கும் முழங்கையளவு காரை ஓட்டும், திருப்பும், நிறுத்தும். யப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா கம்பனி 1976இல் தனது முதலாவது வானொலிக் காரை விற்பனைக்கு விட்டது. இவற்றுட் பல மண்ணிலும் கல்லிலும் பாய்ந்து விழுந்து ஓடுபவை. ஆகவே சில்லைத் தாங்கும் கைகள் பெரும்பாலும் நைலோனால் வார்க்கப்படுகின்றன.

இந்த உறுப்புகளுக்கு நிறம் வேண்டுமானால் பெயின்ற் பூசலாமே என்று கேட்கலாம். பெயின்ற் மேலே படிந்திருக்கும் ஒரு தோல் மட்டுமே. உறுப்பு வளையும்போது அது வெடித்து உரியும். சாயமோ உள்ளே இறங்குகிறது. பனையோலைக்குக் கொதிநீரில் சாயம் போட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

நைலோனை 1935இல் அமெரிக்காவின் டுபொன்ற் கம்பனியில் வலஸ் கரோதர்ஸ் என்ற இரசாயன அறிஞர் உருவாக்கினார். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். புளிப்பு நீரில் அச்சங்கிலிகளின் முனைகள் நேர் மின்னேற்றம் பெறுகின்றன. சாயத்துணிக்கை மறை மின்னேற்றமுடையது. ஒன்றையொன்று இழுத்துப் பற்றிக்கொள்கின்றன. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் பிடிப்பதும் இவ்வாறே. வாளிகள் செய்யும் பொலிதீன், பொலிப்புறொப்பிலீன் வகைகளில் இத்தகைய பிடி இல்லை. எவ்வளவு அவித்தாலும் சாயம் கழுவுண்டு போய்விடும்.

எனவே முதலில் பொருளை அறிய வேண்டும். உறுப்பை நீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலோன் அன்று, விட்டுவிடலாம். தாழ்ந்தால் நைலோனாக இருக்கலாம். ஆனால் தாழும் பிளாஸ்ரிக் வேறும் உண்டு. வார்ப்பில் ஒட்டி வந்த காம்புத் துண்டு ஒன்றைச் சாயத்தில் இட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. ஏறிய சாயத்தை இறக்குவது மிகக் கடினம் என்பதால் இச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம். வெள்ளை உறுப்பு எந்த நிறத்தையும் ஏற்கும். கறுப்பு உறுப்பை வேறு நிறமாக்க முடியாது, அதனுள்ளே கரித்தூள் கலந்திருக்கிறது.

செய்முறை சுலபம். உருளைத் தாங்கிகள், ஆணிகள் எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பசை போகச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. விரலடையாளம் பட்ட இடத்திற்கூடச் சாயம் திட்டாகும். துணிக்குப் போடும் பொதுச் சாயத்தூளே போதும். அமெரிக்காவில் இதற்குப் பலரும் வாங்குவது ‘றிற்’ என்னும் சாயம். அத்தகைய தூளில் பருத்திக்கான சாயமும் நைலோனுக்கான அமிலச் சாயமும் சேர்ந்தே இருக்கும். தூளை வெந்நீரில் நன்றாகக் கரைத்து, சிறிது வினாகிரி சேர்த்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூட்டை வைத்திருக்க வேண்டும். சூடு சங்கிலிகளைச் சற்றே தளர்த்திச் சாயத்துக்கு இடம் கொடுக்கிறது. உறுப்பு சட்டியின் அடியில் தொடாதபடி கம்பியிற் கட்டித் தொங்கவிட்டு, இடையிடையே துழாவுங்கள். சில நிமிடங்களில் இளநிறம் வரும். கடும் நிறத்துக்கு அரை மணியும் ஆகலாம். ஈரத்தில் நிறம் கடுமையாகத் தெரியும் என்பதை நினைவிற் கொண்டு எடுத்துப் பார்க்க. பின்னர் தெளிந்த நீர் வரும்வரை குளிர்நீரில் அலச வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நைலோன் நீரை உறிஞ்சும் பொருள். முற்றாக ஊறினால் தன் நிறையில் 8 சதவீதத்துக்கு மேலும் ஏற்கும். காய்ந்த நைலோன் அடிபட்டால் முறியும், ஈரமேறியது வளைந்து கொடுக்கும். அதனாலேயே பந்தயக்காரர் சிலர் சாயமே இல்லாமல் வெறும் நீரில் உறுப்புகளை அவித்தெடுக்கிறார்கள். ஆனால் ஈரமேற உறுப்பு சற்றுப் பருக்கும், துளைகள் இறுகக்கூடும். பொருத்துமுன் அச்சை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் தோலளவுக்கே இறங்குவதால் ஆழமான கீறலில் வெள்ளை தெரியும். பளிச்சென்ற நிறங்கள் வெயிலில் மங்கும். மீண்டும் அதே சட்டியில் இடலாம். ஆனால் அந்தச் சட்டியிலோ அகப்பையிலோ இனிச் சோறு கறி சமைக்கக் கூடாது. பழைய சட்டியொன்றை அடையாளமிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வேறாக வையுங்கள்.