கூட்டம் ஓய்ந்த உரோமை

குற்றாலத்திற்குச் சீசன் உண்டென்பதை நம் நெல்லை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் சாரலும் கூட்டமும் சேர்ந்தே வரும். உரோமை நகருக்கும் அத்தகைய சீசன் உண்டு. வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் வரை தெருவெங்கும் மக்கள் வெள்ளம். நவம்பர் பிறந்ததும் மழையும் குளிரும் வந்து பயணிகளைக் குறைத்துவிடும்.

இரு காலங்களிலும் அந்நகரைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது. நம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, பேதுரு சதுக்கத்தில் பல்லாயிரவருள் ஒருவனாய் நின்றேன். அம்மகிழ்ச்சி மறக்கவொண்ணாதது. ஆயினும் நகரைக் கண்டேன் என்று சொல்வதற்கில்லை. முன்னே நின்றவர் முதுகையே கண்டேன்.

2024 நவம்பரில் மீண்டும் சென்றேன். பயணச் செலவு குறைந்தது. குடையும் கம்பளிச் சட்டையும் இன்றி வெளியே செல்ல இயலாது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டைபர் ஆற்றங்கரை மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. மரித்தோரின் மாதமாதலால் மக்கள் செவ்வந்திப் பூக்களோடு கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்றனர். பேராலயங்களில் அவசரமின்றி முழந்தாளிட்டுச் செபிக்க முடிந்தது.

ஒருநாள் மழைக்கு ஒதுங்க, சியென்னா நகர்ப் புனித கத்தரீனாளின் கல்லறை அமைந்துள்ள மினெர்வா மாதா ஆலயத்தை நோக்கி விரைந்தேன். வாசலுக்கு எதிரே, முதுகில் கல்தூண் சுமந்த யானைச் சிலையொன்று நிற்கிறது. ஆலய முகப்புச் சுவரில் சில கல்வெட்டுகளைக் கண்டேன். டைபர் ஆற்றின் வெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்டுபவை அவை. 1598-ஆம் ஆண்டின் குறி என் தலைக்கு மேலே இருந்தது! 1870-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின்னரே, 1876 முதல் ஆற்றின் இரு கரைகளிலும் உயர்ந்த மதில்களை எழுப்பலாயினர்.

அக்குறியைக் கண்டதும் என் உள்ளம் தாமிரபரணிக்குப் பறந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் பட்ட பாட்டை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஆற்றங்கரை ஆலயச் சுவரில் வெள்ளம் ஒரு சேற்றுக்கோட்டை விட்டுச் சென்றது. பாஸ்கா விழாவுக்குள் ஆலயம் துலங்க வேண்டுமென்று அதன்மேல் வெள்ளையடிக்கச் சொன்னவன் நானே.

ஊர் திரும்பியதும் பெரியவர்களைக் கூட்டி, நீர் எவ்வளவு ஏறியது என்று வினவினேன். "இடுப்பளவு, சாமி" என்றார் ஒருவர். "இல்லை, நெஞ்சளவு" என்றார் மற்றொருவர். ஓராண்டு நிறையுமுன்பே இத்தனை கருத்து வேறுபாடு! 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி முதியோர் கூறியதை இளையோர் நம்பாது ஆற்றோரம் வீடு கட்டியதில் வியப்பென்ன? முடிவில், திருவுடை வைக்கும் அலமாரியில் எஞ்சியிருந்த கறையே சான்றாயிற்று. அதை அளந்து, ஆலய வாசலில் ஆண்டும் கோடும் பொறித்த கல்லொன்றைப் பதித்தோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உரோமைக்குச் செல்ல வாய்ப்புள்ளோர் நவம்பரில் சென்று வாருங்கள். செல்ல இயலாதோர், உங்கள் ஊர் ஆலயச் சுவரில் அந்தச் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெள்ளையடிக்குமுன் அதை அளந்துகொள்ளுங்கள். நம் பேரப்பிள்ளைகள் வீடு கட்டும் நாளில் அக்கோடு அவர்களோடு பேசும்.