கொள்ளைநோயும் மாணவர் மனமும்

கொள்ளைநோய் உடலை மட்டும் தாக்குவதன்று; உள்ளத்தையும் தாக்குவது. நோய் தொற்றாதவரும் அதன் வருத்தத்திற்குத் தப்புவதில்லை. இதனைப் பினாங்கு மாணவர் 2020ஆம் ஆண்டில் பட்டறிந்தனர்.

அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. முதலில் 14 நாள் என்றனர். பின்னர் அது மேன்மேலும் நீண்டது. பினாங்குத் தீவில் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், நாட்டின் பிற உயர்கல்விக் கூடங்களிலும் ஊர் திரும்ப இயலாத மாணவர் விடுதிகளிலேயே தங்கினர். ஏப்ரல் இறுதியில்தான் அவர்களைப் படிப்படியாக வீட்டுக்கு அனுப்பலாயினர். எல்லை தெரிந்த துன்பத்தைத் தாங்கலாம்; எல்லை தெரியாத துன்பமே மனத்தை அரிப்பது.

இத்தகைய நெருக்கடியை எதிர்கொள்ளும் வழிகளை லாசரஸ், ஃபோக்மன் என்னும் உளநூலார் இருவர் 1984இல் வெளியிட்ட நூலில் இருவகையாகப் பகுத்தனர். இடரையே மாற்ற முயல்வது ஒன்று. இடரால் எழும் உணர்வை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. படிப்புக்குக் கால அட்டவணை வகுத்தல், விளங்காத பாடத்தை ஆசிரியரிடம் கேட்டறிதல் முதலியன முன்னதன்பாற்படும். பெற்றோருடன் பேசுதல், வழிபாடு, உடற்பயிற்சி, இசை முதலியன பின்னதன்பாற்படும்.

இவற்றுள் எது சிறந்தது? இடமறிந்து கொண்டால் இரண்டும் சிறந்தனவே. நம்மால் மாற்றக்கூடியதற்கு முதல்வகையும், மாற்றவியலாததற்கு இரண்டாம் வகையும் பொருந்தும். தேர்வுக்குப் படிக்காமல் பாட்டுக் கேட்டிருப்பவனும், ஆணை எப்போது நீங்குமென்று நாள்முழுதும் செய்திகளைத் துழாவுபவனும் வழிமாறியவரே ஆவர்.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் மாணவர் தலையிலேயே சுமத்துதல் முறையன்று. ஊர் திரும்பியோர் எல்லார்க்கும் இணைய வசதி வாய்க்கவில்லை. 2020 ஜூனில் சபா மாநிலத்துச் சிற்றூர் மாணவி ஒருவர், இணையத் தொடர்பு வேண்டி மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதிய செய்தி நாடெங்கும் பரவியது. தொடர்பே கிட்டாத வீட்டில் மனவுறுதி மட்டும் என் செய்யும்?

எனவே ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. தேர்வின் நாளையும் முறையையும் முன்கூட்டியே தெளிவாக அறிவித்தால், மாணவரின் ஐயம் ஒன்றேனும் நீங்கும். இணைய வகுப்பில் முகங்காட்டாத மாணவனைச் சோம்பேறியென்று முடிவு கட்டுமுன், தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தல் நன்று. அவ்வோர் அழைப்பு அவன் கல்வியைக் காக்கலாம். சிலவேளை உயிரையும் காக்கலாம்.