நூறு வெள்ளியும் உள்ளூர் மேடையும்

சிங்கப்பூரில் நாடகம் பார்க்கவும் செவ்வியல் இசை கேட்கவும் நிறைய செலவாகும் என்று பலர் தயங்குகின்றனர். ஆனால், இலவசமாகவே ரசிக்கக்கூடியவை இங்கு ஏராளம்.

2002ல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட், நீர்முகப்பை ஒட்டிய வெளிப்புற மேடையில் இலவச நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்துகிறது. ஆண்டுதோறும் நவம்பர்வாக்கில் அங்கு நடைபெறும் ‘கலா உத்சவம்’ இந்தியக் கலை விழாவில் கர்நாடக இசை, நடனம், நாடகம் எனப் பலவும் இடம்பெறும். சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு, தாவரவியல் பூங்காவில் இலவசக் கச்சேரிகள் வழங்குவதுண்டு.

கட்டண நிகழ்ச்சிகளுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கைகொடுக்கிறது. 2025ல் 18 வயதை எட்டிய, அதற்கு மேற்பட்ட வயதுடைய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி. தகுதிபெறும் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு அது செல்லும். 2028 டிசம்பர் 31க்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

இது ரசிகர்களுக்கு மட்டுமான சலுகையன்று. 1988ல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு போன்றவை மேடையேற்றும் தமிழ் நாடகங்கள் பெரும்பாலும் சில காட்சிகளோடு முடிந்துவிடும். இருக்கைகள் பாதி காலியாக இருந்தாலும் அரங்க வாடகையும் ஒளி, ஒலிச் செலவும் குறைவதில்லை. விற்பனையாகும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டும் அடுத்த நாடகத்துக்கு வலுச்சேர்க்கும்.

பல தமிழ் நாடகங்களில் ஆங்கில வசன வரிகளும் திரையில் தோன்றும். தமிழ் தெரியாத நண்பரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.