எண்ணமும் உணர்ச்சியும்

எண்ணம், உணர்ச்சி ஆகியன மனித மனத்தின் இரு அடிப்படைச் செயற்பாடுகள் ஆகும். எண்ணம் என்பது ஒரு நிகழ்வு பற்றிய கருத்து, நம்பிக்கை, எதிர்பார்ப்பு முதலியவற்றைக் குறிக்கும். உணர்ச்சி என்பது அச்சம், சினம், துயரம், மகிழ்ச்சி போன்ற மனநிலைகளையும் அவற்றுடன் தோன்றும் உடல் மாற்றங்களையும் குறிக்கும். இவற்றுள் எது எதனைத் தோற்றுவிக்கின்றது என்பது உளவியலில் நீண்ட காலமாக ஆராயப்படும் கேள்வியாகும்.

எடுத்துக்காட்டு

நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கின்றது. உறவினருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என எண்ணுபவர் அஞ்சுகின்றார். யாரோ எண்ணை மாற்றி அழைத்துவிட்டனர் என எண்ணுபவர் எரிச்சல் அடைகின்றார். வெளிநாட்டில் உள்ள மகள் அழைக்கின்றாள் என எண்ணுபவர் மகிழ்கின்றார். ஒலி ஒன்றே; அதற்குக் கொள்ளப்படும் பொருளுக்கு ஏற்ப உணர்ச்சி வேறுபடுகின்றது.

கோட்பாடுகள்

உடல் மாற்றங்களே முதலில் நிகழ்கின்றன, அவற்றை உணர்வதே உணர்ச்சி என வில்லியம் ஜேம்ஸ் 1884 இல் கூறினார். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் லாங்கே 1885 இல் இதை ஒத்த கருத்தை வெளியிட்டார். வெவ்வேறு உணர்ச்சிகளின்போதும் உள்ளுறுப்புகளில் ஒரே வகை மாற்றங்கள் நிகழ்கின்றன என்பதைக் காட்டி வால்டர் கேனன் 1927 இல் இதனை மறுத்தார். உடற்கிளர்ச்சியும், அதற்கு மனம் தரும் விளக்கமும் சேர்ந்தே உணர்ச்சி உருவாகின்றது என ஷாக்டர், சிங்கர் ஆகியோர் 1962 இல் முன்வைத்தனர்.

எண்ணமின்றியே உணர்ச்சி தோன்றக்கூடும் என ராபர்ட் சயான்ஸ் 1980 இல் வாதிட்டார். நிகழ்வு தனக்கு நன்மையா தீமையா என்னும் மதிப்பீடு எப்போதும் முந்துகின்றது, ஆனால் அது நனவுடன் நிகழவேண்டியதில்லை என்பது ரிச்சர்ட் லாசரசின் மறுமொழியாகும். எனவே இவ்விவாதம், எதனை எண்ணம் என அழைப்பது என்பதையும் சார்ந்துள்ளது.

உணர்ச்சி எண்ணத்தைப் பாதித்தல்

இத்தொடர்பு இருவழிப்பட்டது. துயரத்தில் இருப்பவருக்குத் துயரமான நினைவுகளே எளிதில் எழுகின்றன. அந்நினைவுகள் துயரத்தை மேலும் வளர்க்கின்றன. இவ்வாறு ஒரு சுழற்சி உருவாகின்றது.

சிகிச்சையில் பயன்பாடு

1960களில் ஐக்கிய அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் (1921–2021), மனச்சோர்வு உற்றவர்களிடம் தம்மைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் எதிர்மறை எண்ணங்கள் தாமாகவே எழுவதைக் கவனித்தார். இதன் அடிப்படையில் அவர் அறிகைச் சிகிச்சையை உருவாக்கினார். "தேர்வில் தோற்றேன், நான் எதற்கும் உதவாதவன்" என்பதில் முதற்பகுதி நிகழ்வு, இரண்டாம் பகுதி முடிவு. அம்முடிவுக்குச் சான்று உண்டா என ஆராய நோயாளி பயிற்றப்படுகின்றார். நல்லதையே நினைக்குமாறு அறிவுரை கூறுவது இச்சிகிச்சை அன்று.

எல்லாத் துன்பமும் எண்ணப் பிழையால் விளைவதில்லை. நெருங்கியவரின் மறைவுக்கு வருந்துவது இயல்பு. வறுமை, வன்முறை போன்றவற்றால் வரும் துன்பத்திற்கு அச்சூழலும் மாறவேண்டும். மனச்சோர்வு நீடிப்பின் உளநல மருத்துவரை நாடுதல் வேண்டும்.