களிம்பைத் தேய்க்காதீர்கள்!

மண்ணுக்குள் கிடைக்கும் வெண்கலப் பாத்திரத்தின் வயதை எப்படி அறிவது?

கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ மண்வெட்டி 'ணங்'கென்று எதிலோ இடிக்கும். மண்ணைத் தள்ளிப் பார்த்தால், பச்சைக் களிம்பேறிய ஒரு கிண்ணம். வீட்டுக்கு வந்ததும் அதற்கு நடப்பது புளிக்குளியல். கைப்பிடிப் புளியும் சாம்பலும் வைத்துப் பளபளக்கும்வரை தேய்த்துவிடுவோம். பல நூற்றாண்டுகளாக அந்தப் பாத்திரம் சேர்த்து வைத்திருந்த சாட்சியம் பத்தே நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும்.

வெண்கலமா, பித்தளையா?

ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்; துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். அதைத் தனி உலோகமாகப் பிரிக்கத் தெரியாத காலத்தில், அதன் தாதுவைச் செம்போடு சேர்த்துக் காய்ச்சியே பித்தளை செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் 28 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஆகவே, 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்று விற்க வரும் பாத்திரத்தில் 35 சதவீதம் துத்தநாகம் இருந்தால், அந்தப் பேச்சைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, பாத்திரத்தைச் சுரண்டாமலே உலோகக் கலவையைச் சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போய், வெள்ளீயம் கூடுதலாகத் தெரியும். அதனால், உள்ளிருந்து கடுகளவு துணுக்கை எடுத்தும் சோதிக்கிறார்கள்.

ஆதிச்சநல்லூர் சொல்லும் பாடம்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு வெண்கலக் கிண்ணங்கள், வடிகட்டிகள், விலங்குருவங்கள் அமர்ந்த மூடிகள் கிடைத்தன. அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்களை ஆராய்ந்து, அவற்றில் சுமார் 23 சதவீதம் வெள்ளீயம் இருப்பதைக் காட்டினார். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகத்தை ஆறவிட்டுத் தட்டினால் நொறுங்கிவிடும். பழுக்கக் காய்ச்சி, சூடு தணியாமல் தட்டித் தட்டி மெலிதாக்கி, கடைசியில் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் பொன்னிறமும் மணியோசையும் வரும். தண்ணீரில் முக்கியதன் தடம், நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகத் தெரியும்.

இந்த நுட்பம் அத்தோடு அழிந்துவிடவில்லை. கேரளத்துக் கைவினைஞர்கள் அண்மைக்காலம் வரை இதே முறையில் கிண்ணம் செய்தார்கள். ஆகவே, செய்முறை ஒன்றை மட்டும் வைத்துப் பாத்திரத்தின் வயதைச் சொல்லிவிட முடியாது.

களிம்பின் அடுக்குகள்

இங்கேதான் களிம்பு பேசுகிறது. இயற்கையாக ஏறிய களிம்பில் உலோகத்தை ஒட்டிச் சிவப்புப் படலமும், அதன்மேல் பச்சையும், சில இடங்களில் நீலமும் அடுக்கடுக்காக இருக்கும். அரிப்பு உலோகத் துகள்களின் இடுக்கு வழியே உள்ளேயும் இறங்கியிருக்கும். அமிலமும் உப்பும் தடவி அவசரமாக ஏற்றிய களிம்புக்கு இந்த ஆழம் கிடையாது. மேலோடு பொடியாக உதிரும். வெறும் சாயமாக இருந்தால் அசிட்டோன் நனைத்த பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வெண்கலத்தில் கரிமம் இல்லாததால், அதை நேரடியாகக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்த முடியாது. ஆனால் களிம்பில் சிக்கிய துணி இழையையோ, உமியையோ, உள்ளே படிந்த கரியையோ அப்படிச் சோதிக்கலாம். புளி போட்டுத் தேய்க்கும்போது இந்தத் தடயங்களும் சேர்ந்தே அழிகின்றன.

மண்ணும் ஒரு சான்று

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று, பாத்திரம் கிடந்த இடம். எந்த ஆழம், எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன பானை ஓடு, எலும்பு இருந்ததா என்பவையே அதன் காலத்தைக் காட்டும். நீலகிரிக் கல்வட்டங்களில் 1870களில் பிரீக்ஸ் என்பவர் திரட்டிய அழகிய வெண்கலக் கிண்ணங்கள் எழும்பூரிலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அடுக்கடுக்காக அகழ்ந்து குறிப்பெழுதும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. அந்தக் கிண்ணங்களின் காலம் குறித்து அறிஞர்களிடையே இன்றுவரை ஒரே கருத்து இல்லை.

உங்கள் நிலத்தில் இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் தேய்க்காதீர்கள். அரத்தால் உரசிப் பார்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டாதீர்கள். கிடந்தபடியே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

எடைக்குப் போட்டால் அந்தப் பாத்திரம் சில நூறு ரூபாய் தரும். களிம்போடும் மண்ணோடும் ஒப்படைத்தால், உங்கள் ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் கூடும்.