உணர்ச்சியும் மனச்சான்றும் பல்கலைக்கழகமும்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கட்டிங், தையல், செக்கிங் என்று ஒன்றரை ஷிப்ட் உழைத்து வீடு திரும்பும் பெற்றோர் பலரின் உள்ளத்தில் உறைந்திருக்கும் கனவு ஒன்றே. தம் பிள்ளை கல்லூரிப் படியை மிதிக்க வேண்டும் என்பதே அது. கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா, விடுதி பாதுகாப்பானதா என்றெல்லாம் விசாரிக்கின்றோம். நன்மை எது, தீமை எது என்று சிந்தித்துத் தீர்மானிக்கும் திறன் அங்கே பிள்ளைக்கு வளருமா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வி வீண் கேள்வியன்று. இன்றைய மாணவரிடம் ஓர் அறநெறிச் சிக்கலை முன்வைத்துப் பாருங்கள். "அது அவரவர் மனத்தைப் பொறுத்தது" என்ற விடை பெரும்பாலும் உடனே வந்துவிடும். 'இது தீயது' என்னும் கூற்றுக்கு 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்கு மேல் பொருளில்லை எனக் கருதும் இப்போக்கை, அலஸ்டைர் மக்கின்டயர் என்னும் தத்துவ அறிஞர் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆஃப்டர் விர்ச்யூ' என்னும் நூலில் ஆராய்ந்தார். அறம் வெறும் உணர்ச்சியின் வெளிப்பாடாகச் சுருங்கிவிட்டால், மனிதர் ஒருவரையொருவர் காரணம் காட்டி இணங்கச் செய்ய இயலாது. வலியவர் எளியவரை ஆட்டிவைப்பதே எஞ்சும் என்று அவர் எச்சரித்தார். பின்னர்க் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த இப்பேராசிரியர், 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார்.

உணர்ச்சி பகையா?

அப்படியானால் உணர்ச்சிகளை அடக்கி ஒடுக்கிவிட வேண்டுமா? திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டவர் நம் ஆண்டவர். கை சூம்பியவனைக் குணமாக்கிய ஓய்வுநாளில், சூழ நின்றோரின் கடின உள்ளத்தைக் கண்டு அவர் சினமும் துயரமும் கொண்டதாக மாற்கு நற்செய்தி கூறுகின்றது. 13-ஆம் நூற்றாண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் போதித்த புனித அக்குவினாஸ் தோமையார், அன்பு, வெறுப்பு, விருப்பம், அருவருப்பு, மகிழ்ச்சி, துயரம், எதிர்நோக்கு, அவநம்பிக்கை, அச்சம், துணிவு, சினம் எனப் பதினோர் உணர்ச்சிகளை வகுத்து விரிவாக ஆராய்ந்தார். உணர்ச்சி தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அறிவின் வழிகாட்டலில் நல்லதை நாடும்போது அது அறத்திற்குத் துணையாகின்றது என்பது அவர் முடிபு. அறிவு உணர்ச்சியை ஆள வேண்டியது, அடிமையை ஆட்டும் எசமானனைப் போலன்று. உரிமையுள்ள குடிமக்களை ஆளும் அரசனைப் போல என்றும் அவர் விளக்கினார்.

நொய்யல் தரும் பாடம்

இதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நம்மூர் நொய்யல் ஆற்றைப் பார்த்தாலே போதும். சாயப்பட்டறைக் கழிவுநீர் ஆற்றில் கலந்து, 1992-ஆம் ஆண்டில் பாசனத்திற்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதிக் கிணறுகளும் வயல்களும் பாழாயின. உழவர் உள்ளத்தில் சினம் மூண்டது. பட்டறை மூடினால் அடுப்பு எரியாதே என்ற அச்சம் தொழிலாளர் உள்ளத்தில் எழுந்தது. முதலீட்டை இழப்போமோ என்ற கலக்கம் உரிமையாளரைப் பற்றியது. இவற்றுள் எது பொய்? எல்லாம் மெய்யான உணர்ச்சிகளே. ஆயினும் எந்த உணர்ச்சி உரக்க ஒலிக்கின்றதோ அதுவே நீதி என்று சொல்லிவிட முடியுமா?

இங்கேதான் அறிவின் பணி தொடங்குகின்றது. ஆற்று நீரின் நிறமே நம் கண்ணை உறுத்தியது. ஆனால் சாயம் பருத்தியில் பற்றுவதற்காகப் பெருமளவில் சேர்க்கப்படும் உப்புக்கு நீரில் நிறமில்லை. சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைத்தாலும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. தெளிந்த நீரைக் கண்டு மனம் ஆறுதல் கொண்டாலும், நிலம் தொடர்ந்து கெட்டுக்கொண்டே இருக்கும். இதை அளந்து அறிய வேதியியல் தேவைப்பட்டது. யார் ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்மானிக்கச் சட்டமும் அறநெறியும் தேவைப்பட்டன.

நொய்யல் ஆயக்கட்டு உழவர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. 2011-ஆம் ஆண்டு சனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பல குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. பின்னர், கழிவுநீரை வெளியேற்றாமல் ஆர்.ஓ. முறையாலும் ஆவியாக்கும் கலன்களாலும் நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் பயன்படுத்தும் வழி வேரூன்றியது. உழவரின் சினம் நீதியை நாடத் தூண்டியது. அறிவு அதற்குப் பாதை அமைத்தது. ஒன்றின்றி மற்றொன்று பயன் தந்திராது.

பல்கலைக்கழகத்தின் கடன்

வேதியியல் ஒரு துறையில், சட்டம் ஒரு துறையில், வணிகம் மற்றொரு துறையில் எனப் பிரிந்து நிற்கும் பல்கலைக்கழகத்தில், இவையனைத்தும் சேர்ந்து மனித வாழ்வுக்கு என்ன சொல்லுகின்றன என்று கேட்பவர் யார்? 1852-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஜான் ஹென்றி நியூமன் இதையே வற்புறுத்தினார். அறிவு அனைத்தும் ஒரே முழுமையின் பகுதிகள். ஒரு துறையை அகற்றினால் மற்றவை தம் எல்லை கடந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும் என்றார். அதே வேளையில், படிப்பு மனிதனைப் பண்புள்ளவனாக்கலாமேயன்றித் தானாகவே தூயவனாக்கிவிடாது என்பதையும் மறைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்ட இவரைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். கர்தினாலானபோது அவர் ஏற்றுக்கொண்ட விருதுமொழி, உள்ளம் உள்ளத்தோடு பேசுவதைக் குறிப்பதாகும். அறிவை இவ்வளவு போற்றியவர் உள்ளத்தைப் புறக்கணிக்கவில்லை.

ஆதலால் பெற்றோரே, கல்லூரிக்குச் சென்ற மகனோ மகளோ ஓர் அநீதியைக் கண்டு கொதித்துப் பேசினால், "உனக்கேன் இந்த வம்பு?" என்று வாயடைத்துவிடாதீர்கள். அக்கொதிப்பு இறைவன் தந்த கொடை. ஆனால் அத்துடன் நிறுத்திவிடவும் வேண்டாம். "இதனால் துன்புறுவோர் யார்? எதிர்த்தரப்பின் துயரத்தையும் கேட்டாயா? நீ படிக்கும் படிப்பு இதற்கு என்ன வழி காட்டுகின்றது?" என்று பரிவோடு கேளுங்கள். இக்கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டுவதில்லை. உப்பால் கெட்ட கிணற்றையும் பூட்டிய பட்டறையையும் கண்ட நம் மக்களுக்கு, மகனிடமும் மகளிடமும் இவற்றைக் கேட்கும் தகுதி நிறையவே உண்டு.