நான்கு தந்தி, நான்கு விரல்

பேஸ் கித்தார் என்பது நான்கு தடித்த தந்திகளைக் கொண்டு பாட்டின் கீழ்ச்சுரங்களை இசைக்கும் மின்கருவி. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் திருவிழா நாட்களில் மேடையேறும் மெல்லிசைக் குழுக்களில் கூட்டத்தின் கண் கடைசியாகப் போய் விழுவது அதை வாசிப்பவர் மேல்தான். தமிழ்த் திரையிசையில் அது தனிக் குரலாகவே பேசத் தொடங்கியது, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜாவின் காலத்தில் எனலாம். பேஸுக்குரிய வரியையும் அவரே மேலைச் சுரக்குறியீட்டில் எழுதித் தர, அவர் குழுவின் சசிதரன் அதை வாசிக்க, பாடகரின் குரல் ஒரு வழியில் போகையில் அடியில் இன்னொரு இன்னிசை தன் போக்கில் நடந்தது. மரத்திலும் மாடியிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் என்பதால், ஊரே மனப்பாடமாகப் பாடிய அப்பாடல்களின் இந்தப் பாதி ஊரின் காதில் நெடுநாள் விழவில்லை.

இக்கருவியைக் கையில் எடுப்பவர் முதலில் உணர்வது அதன் கடினத்தை. 1951இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம்; இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுவே அளவு. சாதாரண மின்கித்தாரின் ஒரு தந்தியை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ விசை இழுத்துப் பிடித்திருக்க, பேஸில் அது 18 கிலோவைத் தாண்டும். கழுத்தின் தொடக்கத்தில் முதல் ஃபிரெட்டுக்கும் (வீணையில் மெட்டு எனப்படும் குறுக்குக் கம்பி) நான்காவதற்கும் இடையே ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தொலைவு இருப்பதால், ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நன்றாக விரிந்தாக வேண்டும். ஆகவே விரலுக்கு வலு ஏற்ற வேண்டும் என்று எண்ணிப் பிடியை இறுக்கும் கருவிகளை வாங்கி அமுக்குவோர் உண்டு. அது பெரும்பாலும் வீண் வேலை.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன, அவற்றின் தசைநாண்களே விரல்வரை ஓடுகின்றன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தசையாலும் நாணாலும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஒன்றை அசைத்தால் மற்றதும் கூடவே கிளம்புகிறது. தொடக்கக்காரர் வலுவின்மை என்று நினைப்பது பெரும்பாலும் இந்தப் பிணைப்பைத்தான். ராஜபாளையத்து நூற்பாலையில் அறுந்த இழையை எந்திரம் ஓட ஓடவே பிணைத்துவிடும் தொழிலாளியின் விரலில் இருப்பது முரட்டு வலு அன்று, இடமும் கணமும் தப்பாத பழக்கம். பேஸ் கேட்பதும் அதையே. ஃபிரெட்டின் மேலும் அல்லாமல் தொலைவிலும் அல்லாமல் அதற்குச் சற்றே பின்னால் அழுத்தினால் மிகக் குறைந்த விசையிலேயே சுரம் சுத்தமாக ஒலிக்கும், தள்ளி அழுத்தினால் தந்தி இரையும். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் தாங்கி நிற்க வேண்டுமே அன்றிக் கவ்வக் கூடாது. வியன்னாவில் பெரிய பேஸ் வயலின் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல், கீழ்ப்பகுதியில் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றாகவே ஊன்றச் செய்தார். அகன்ற முதற் சில ஃபிரெட்களில் இந்த முறையும், இடைவெளி குறுகும் ஐந்தாவதற்கு மேல் விரலுக்கு ஒரு ஃபிரெட் என்ற முறையும் கைக்கு இதம்.

விரற்பலகையை மனப்பாடம் செய்ய, கர்நாடக இசையின் அரிச்சுவடி தெரிந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. தடித்த தந்தியிலிருந்து மெல்லியதை நோக்கி, ஒவ்வொரு தந்தியும் முந்தையதன் சுத்த மத்தியமத்துக்குச் சுருதி கூட்டப்பட்டிருப்பதால், எந்த இடத்தில் ஸ வைத்தாலும் அடுத்த தந்தியில் அதே ஃபிரெட் ம, இரண்டு தள்ளினால் ப, அதற்கும் அடுத்த தந்தியில் அந்த ப-வுக்கு நேரே மேல் ஸ. தடித்த தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் நடுவிரலை ஸ என்று ஊன்றி மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை வாசித்தால், ரி மோதிரவிரலுக்கும், க அடுத்த தந்தியின் நான்காம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலுக்கும், ப ஏழாவதில் சுண்டுவிரலுக்கும் வந்து நால்வரும் வேலை செய்வார்கள். த மட்டும் எட்டாம் ஃபிரெட்டில் சுண்டுவிரலை ஒரு ஃபிரெட் வெளியே இழுக்கும், அந்த இழுப்பில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரட்டிப்பதால், வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி மீட்டப் பழக அதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. முதற்காலத்தில் சீராகும்வரை இரண்டாம் காலத்துக்குப் போகாதிருப்பது வீணை ஆசிரியர்களின் பழைய விதி, இங்கும் அதுவே செல்லும்.



நாளும் பதினைந்து நிமிடம் போதும், ஒரே நாளில் மூன்று மணி நேரம் வேண்டாம். விரல்நுனித் தோல் எரிவது இயல்பு, சில வாரங்களில் தடித்து அடங்கும். மணிக்கட்டு வலித்தாலோ விரல்கள் மரத்தாலோ கருவியைக் கீழே வைத்துவிடுங்கள், அது தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.